நீண்டுகொண்டே போன பற்கள்

அந்த ஆப்பிளை முதலில் பார்த்தவள் பெய்ஷான்தான்.

அம்மாவின் சிற்றுண்டிக் கடை வாசலில் படையல் மேசை போட்டிருந்தார்கள். நிலவுக் கணக்கில் ஏழாம் மாதம் வந்துவிட்டால் கீலுங் துறைமுக ஊரில் எல்லார் வாசலிலும் மேசை இருக்கும். கீழ் உலகத்திலிருந்து ஏறி வருகிற செத்தவர்களுக்குப் பசிக்குமே! அந்த மாதம் முழுவதும் அவர்களை யாரும் 'பேய்' என்று சொல்ல மாட்டார்கள். 'நல்ல அண்ணன்மார்' என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்குக் கோபம் வந்துவிடக் கூடாது அல்லவா?

மழை தூறிக்கொண்டிருந்தது. ஊதுவத்திகள் எரிந்து முடிந்திருந்தன. அம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மேசையில் அடுக்கியிருந்த ஆப்பிள்களில் ஒன்றை யாரோ கடித்திருந்தார்கள். கடித்த இடமெல்லாம் சிவப்பு. அதன் நடுவில் வெள்ளையாக ஏதோ குத்திக்கொண்டு நின்றது.

பல்!

"ஏய், தொடாதடீ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டு மெங்யூன். பெய்ஷானோடு நான்காம் வகுப்பில் படிப்பவள்.

"அண்ணன்மாருக்குப் பல்லு விழுமா?" என்று பெய்ஷான் கிசுகிசுத்தாள்.

"செத்து எத்தனை வருஷம் ஆச்சோ! விழாம என்ன பண்ணும்?"

பெய்ஷான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லை எடுத்தாள். முன்பல். அதில் ஒரு பொட்டுச் சொத்தை கூட இல்லை. ஆனால் அவள் பார்த்த எந்தப் பல்லையும் விட அது நீளமாக இருந்தது. அம்மா பார்த்தால் பயந்துபோவாள் என்று அதைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆப்பிளைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"எங்க வீட்டுல வேற என்னென்னவோ நடக்குது" என்றாள். "ராத்திரியில மாடிப்படியில யாரோ நடக்கறாங்க. இறங்கறாங்க, ஏறறாங்க, மறுபடியும் இறங்கறாங்க. காலையில பார்த்தா தண்ணி ஜாடி காலி. அப்புறம் அந்த வாடை..."

"என்ன வாடை?"

"ஜாடியில பூ அழுகினா வருமே, அந்த மாதிரி. மாடிக்கிட்ட போனாலே வருது."

மெங்யூன் கண்களை உருட்டினாள். "மாடியில யாரு இருக்கா?"

"மாமா."

ஷெங்கை மாமா அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுகிறவர். அவர் சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். ஆனால் சில மாதங்களாக அவர் சிரிப்பதே இல்லை. வீட்டுக்குள்ளும் முகக்கவசம் போட்டுக்கொள்கிறார். பேசினால் வாயைக் கையால் மூடிக்கொள்கிறார். சாப்பாட்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். தட்டு பாதிச் சோற்றோடு திரும்பி வருகிறது.

"எனக்குப் புரிஞ்சு போச்சு" என்றாள் மெங்யூன். "உங்க மாமாவுக்குள்ள ஒருத்தர் குடி வந்துட்டாரு."

மறுநாள் சனிக்கிழமை. அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். மழை வலுத்துப் பிற்பகலே இருட்டிவிட்டது. மாடியில் பலகை ஒன்று கிறீச்சிட்டது.

பெய்ஷான் அடுப்படியில் நின்று யோசித்தாள். மாமாவுக்குள் யாராவது இருக்கட்டும். மாமாவும் அங்கேதானே இருக்கிறார்? அவருக்குப் பசிக்காதா?

ஒரு கிண்ணத்தில் அரிசிக் கஞ்சியை ஊற்றிக்கொண்டு அவள் படியேறினாள். ஏற ஏற அந்த வாடை வந்தது. கஞ்சி தளும்பி விரலைச் சுட்டது. இறங்கி ஓடிவிடலாமா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மேலே ஏறினாள்.

மாமாவின் அறைக்கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் மாமா நின்றிருந்தார். முகக்கவசம் இல்லை. உதட்டை விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

கண்ணாடியில் பெய்ஷான் அதைப் பார்த்தாள். நீள நீளமான பற்கள். வேர் வரை வெளியே தெரிந்த பற்கள். ஒன்றுக்கொன்று விலகி, சாய்ந்து நின்றன. ஈறு கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. மாமா ஒரு பல்லை நாக்கால் தள்ளினார். அது ஊஞ்சல் போல ஆடியது.

கண்ணாடியில் இருந்த கண்கள் சட்டென்று அவள் பக்கம் திரும்பின.

பெய்ஷானுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தக் கண்கள் அவளைவிடப் பயந்து போயிருந்தன. முன்வரிசையில் ஒரு பல் இருந்த இடம் காலியாக இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவள் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "மாமா, இது உங்களோடதா?"

மாமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஆப்பிளப் பார்த்ததும் ஆசையா இருந்துச்சும்மா. அது அண்ணன்மாருக்கு வச்சதுன்னு தெரியும். ஒரே ஒரு கடி கடிக்கலாம்னு பார்த்தேன். பல்லு அதுலயே நின்னுடுச்சு. பயத்துல அப்படியே வச்சுட்டு ஓடி வந்துட்டேன்."

"வலிக்குதா?"

"வலிக்கவே இல்ல. அதுதான் பயமே! வலிச்சா சொத்தைன்னு நினைச்சுக்கலாம். இது ஒண்ணொண்ணா நீளமாகுது, ஆடுது. துலக்கினா ரத்தம் வருதுன்னு துலக்கறதையும் விட்டுட்டேன். எனக்குள்ள ஏதோ புகுந்துடுச்சோன்னு..."

"புகுந்திருந்தா என்கிட்ட இப்படிச் சொல்லிட்டு இருப்பீங்களா?" என்றாள் பெய்ஷான். "கஞ்சியக் குடிங்க. அப்புறம் பல் டாக்டர்கிட்ட போலாம்."

"ஐயோ! கப்பல் பெட்டியத் தூக்கச் சொல்லு, தூக்கறேன். அந்தப் பல் டாக்டர் கொக்கி மட்டும் வேணாம்."

"நான் கையப் பிடிச்சுக்கறேன்."

பல் டாக்டர் லியாவ் ஒல்லியான பெண்மணி. மெல்லிய கோல் ஒன்றால் மாமாவின் ஈறுகளை அளந்தார். மாமா பெய்ஷானின் கையை நெரித்தார்.

"மாமாவுக்குப் பல்லு ஏன் டாக்டர் வளருது?" என்று கேட்டாள் பெய்ஷான்.

"வளரலம்மா. ஆத்தங்கரையில மண்ணு அரிச்சா மரத்தோட வேர் தெரியுமில்ல? அந்த மாதிரி ஈறு சுருங்கிப் போச்சு. உள்ள எலும்பும் கரைஞ்சிருக்கு."

"அரிச்சது யாரு?"

"கிருமிங்கதான். வாயில வாடை வர்றதும் அதுங்களாலதான். பல்லு மேல பிசுபிசுன்னு அழுக்கு படியும். துலக்காம விட்டா கல்லா இறுகிடும். முதல்ல ஈறு மட்டும் வீங்கி ரத்தம் வரும். அப்பவே சுத்தம் பண்ணினா முழுசா சரியாகிடும். விட்டுட்டா எலும்புக்கு இறங்கிடும். இது ரெண்டாவது கட்டம். போன எலும்பு தானா திரும்பாது, ஆனா இதோட நிறுத்திடலாம்." டாக்டர் மாமாவைப் பார்த்தார். "சிகரெட்டா, பாக்கா?"

"பாக்கை எப்பவோ விட்டாச்சு" என்றார் மாமா. "சிகரெட்டு..." என்று இழுத்தார்.

"அதுவும் ஒரு காரணம். ஆனாலும் இந்த வயசுல, இவ்வளவு வேகமா..." டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

பெய்ஷான் மாடிப்படியை நினைத்தாள். ராத்திரியில் இறங்கி, ஏறி, மறுபடியும் இறங்கிய காலடிகள். கழிவறை கீழேதான் இருக்கிறது. அப்படியானால்...

"டாக்டர், மாமா ராத்திரியில ஜாடித் தண்ணி முழுக்கக் குடிச்சிடறாரு. கழிவறைக்கு இறங்கி இறங்கிப் போறாரு. எனக்குக் காலடிச் சத்தம் கேக்கும்."

"நீ தூங்கலையா?" என்றார் மாமா.

"நீங்கதான்னு தெரிஞ்சிருந்தா தூங்கியிருப்பேன்!"

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு சிறு கருவியை எடுத்து மாமாவின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கருவியில் எண் தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு. ரத்தத்துல சர்க்கரை ஏறினா ஈறு நோய் இப்படித்தான் வேகமாப் பரவும். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா மயங்கி விழுந்திருப்பீங்க." பிறகு பெய்ஷான் பக்கம் திரும்பினார். "இதை நீ சொன்னதுதான் நல்லதாப் போச்சு."

சர்க்கரைக்கு மருந்து கொடுத்தார்கள். லியாவ் டாக்டர் பல நாள் வரவழைத்து ஈறுக்கடியில் இருந்த கல்லைச் சுரண்டி எடுத்தார். இரண்டு பற்களைக் காப்பாற்ற முடியவில்லை. சிகரெட்டை விட மாமா பட்ட பாட்டை அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

குளிர்காலம் வந்தது. ஒரு நாள் காலை, கடையில் நல்ல கூட்டம். மாடியிலிருந்து மாமா இறங்கி வந்தார். முகக்கவசம் இல்லை. கூட்டத்தின் நடுவே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, பஸ்ஸ்ஸிக்குது!" என்றார். பற்கள் போன சந்து வழியாகக் காற்று விசிலடித்தது.

கடையே சிரித்தது. எல்லோரையும்விட உரக்க, வாய் நிறையத் திறந்து, மாமா சிரித்தார்.