முதல் கோட்டுக்குத் தண்ணீர்

“ஒரு வாளி தண்ணி குடுங்கம்மா.”

கேட்டே விட்டாள். அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், தண்ணீர் மட்டும் கேட்காதே என்று அப்பா காலையில்கூடச் சொல்லியிருந்தார். இந்த வீட்டு வேலைக்கு மட்டும், பெயின்டில் கலக்கும் தண்ணீரை ஒன்பது வருடமாகத் தன் வீட்டிலிருந்தே கேனில் சுமந்து வருகிறார். இன்று கேன் கவிழ்ந்துவிட்டது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். ஒரு வாளி தண்ணீர் தர யோசிக்கிற வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் நாம் வேண்டுமா என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரம்மா முகம் சுளிக்கவில்லை. சிரித்தார். “உங்கப்பா ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்டதில்லம்மா,” என்று தளும்பத் தளும்பக் கொண்டுவந்து வைத்தார்.

அப்பா வீட்டின் பின்பக்கம் விரிசலுக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தார். வாசல் கேட்டிலிருந்து தெரியும் பக்கச்சுவரில் அவள் ஆரம்பித்தாள். குச்சியால் கலக்கக் கலக்க, பெயின்ட் வாசனைக்கு அடியிலிருந்து, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையில் யாரோ மூச்சு விட்டதுபோல வெதுவெதுப்பாக ஒரு நாற்றம் எழுந்தது; ரோலரை உருட்டிய இடமெல்லாம் வெள்ளை ஒரு நொடி பளிச்சென்று நின்று, பிறகு உள்ளே இழுபட்டு, வெறும் ஈரமாக மிஞ்சியது. முதல் கோட் பெயின்டைச் சுவர் குடிக்கத்தான் செய்யும்.

ஆனால் இப்படி விழுங்கும் சத்தம் கேட்காது.

“தண்ணி ஏது?” பின்னால் அப்பா.

“கேட்டேன். குடுத்தாங்க. கேட்டா தலையா போயிடும்?”

அவர் திட்டவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. “அவங்க குடுக்க மாட்டாங்கன்னா பயந்தேன்? குடுத்துடுவாங்கன்னுதான்மா பயந்தேன்.”

காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும் என்று துணியை எடுத்தார். ஒன்பது வருடம் முன்பு இந்த வீட்டு வேலையில் பாதிச் சுண்டுவிரல் போன அந்தக் கையை ஈரத்தில் வைத்து அழுத்தினார்.

கை உள்ளே போனது.

மணிக்கட்டு வரை. முழங்கை வரை. அவள் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள்.

“விடு. நீ போயிடு.”

தோள். கன்னம். அவள் கையில் சட்டைத் துண்டு.

சுவர் காய்ந்தது. வெள்ளை வெளேரென்று. ஒரு ரோலர் தடம்கூட இல்லை.

பட்டித் தகட்டால் சுரண்டினாள். தூசிதான் உதிர்ந்தது. ஜன்னலிலிருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தார். “ரெண்டாவது கோட்டுக்கும் தண்ணி வேணுமாம்மா?”

அவள் வாளியை எட்டி உதைத்தாள். தெருமுனையில் குழி தோண்டுகிறவர்களிடம் கடப்பாரை இருக்கிறது. எடுத்து வந்து உடைப்பாள். இனி இங்கே யாரிடமும் எதையும் கேட்கப்போவதில்லை.

கேட்டைத் திறக்கும்போது ஒருமுறை திரும்பினாள். வெள்ளையில் ஓர் ஈரக்கை உள்ளிருந்து ஊறி வந்திருந்தது. பாதிச் சுண்டுவிரல் இல்லை. அதன் பக்கத்தில் இன்னொரு கை. அதற்கு மேலே இன்னொன்று. கூரை வரைக்கும் கைகள். எல்லாம் அவளைப் பார்த்து விரிந்திருந்தன, வராதே என்று தடுப்பதுபோல.

கடப்பாரை எடுக்க அவள் நடையை எட்டிப் போட்டாள்.