அப்பாவின் பதவிக்காலம்

தினமும் காலையில் தீர்ப்பாயத்துக்கு வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, செத்துப்போன என் அப்பாவை எழுப்புவது. அதுதான் என் உத்தியோகம். நீதிபதி சங்கரலிங்கத்தின் அறிவையும் ஞாபகங்களையும் அவர் சாகும் முன்பே ‘நினைவுரு’வாகப் பெயர்த்தெடுத்து, தூத்துக்குடி கரையோரத் தீர்ப்பாயத்தின் உறுப்பினராக உட்கார வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிற யாருக்கும் அத்தனை சட்டம் தெரியாதாம்.

திரை வெளிச்சமானதும், “வந்துட்டியாட்டி?” என்பார். முன்பெல்லாம் அடுத்த கேள்வி, “அம்மைக்கு மாத்திரை குடுத்தியா?” தை மாதம் அம்மா போய்விட்டாள். அதை ஒரு திரையிடம் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு வாரம் அவர் வழக்கே கேட்கவில்லை. அப்புறம் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்.

அன்றைக்குச் சங்குமணல் வழக்கு. பாதி ஊரைக் கடல் விழுங்கிவிட்டது. மீதி ஜனங்களையும் கிளப்புவதற்காக, மறுநாளே குடிநீர்க் குழாயை அடைக்கப் போகிறோம் என்றது கரையோரத் துறை. எதிர்த்து வந்தவள் மீன் விற்கும் ரொசாரி அம்மாள். இதில் கூத்து என்னவென்றால், அப்பா ஓடும் சர்வரும் அதே துறையுடையது. அவருடைய பதவிக்காலம் அன்று இரவோடு முடிகிறது, நீட்டிப்பதும் அவர்கள்தான். வழக்காடுகிறவன் கையிலேயே நீதிபதியின் மூச்சு! எவன் யோசித்த ஏற்பாடோ, நாசமாய்ப் போக.

மதிய இடைவேளையில் கெஞ்சினேன். “அப்பா, ரெண்டு நாள் தள்ளி வைங்களேன். நீட்டிச்சதும் தீர்ப்பு சொல்லலாம்லா.”

“ரெண்டு நாள் அவ தண்ணிக்கு எங்கட்டி போவா?”

“அப்போ நான்? எனக்கு இருக்கது நீங்க மட்டுந்தான்.”

“அழாத. அம்மைகிட்ட போறேன்னு நெனச்சுக்கோ.”

குழாயை அடைக்கக் கூடாது என்று சாயங்காலம் தீர்ப்புச் சொன்னார். “ஐயா நல்லாயிருக்கணும்” என்று ரொசாரி திரையைக் கும்பிட்டு அழுதாள். எங்கள் தீர்ப்பாயத்தில், சொன்ன தீர்ப்பை மறுநாள் காலை வாசித்துப் பார்த்துத்தான் கையொப்பம் இடுவது வழக்கம். இன்றைக்கே போட்டுவிடுங்கள் என்றேன். “முறைய மீறினா அதையே சாக்கா வச்சுத் தள்ளிருவாங்கட்டி. நான் இல்லாட்டி அடுத்து வாரவரு போடுவாரு” என்றார். அவர் காலத்து மனுஷர்கள் அப்படி நம்பியே பழகியவர்கள்.

காலையில் இருட்டுத் திரையை எதிர்பார்த்துத்தான் போனேன். மேசையில் துறையின் ஆணை இருந்தது: பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டுள்ளது. அடடா, வாய்க்கு வந்தபடி திட்டினோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். கையொப்பத்தைக் கண்ணால் பார்க்க ரொசாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“வந்துட்டியாட்டி? அம்மைக்கு மாத்திரை குடுத்தியா?”

அப்பாவின் போன வருஷத்துப் பிரதியை ஏற்றியிருந்தார்கள். சங்குமணல் வழக்கு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. தாம் சொன்னதாக ஞாபகமில்லாத தீர்ப்பில் அப்பா கையொப்பம் போட மாட்டார். அது அவர்களுக்கும் தெரியும். இனி முதலிலிருந்து விசாரணை. அதுவரை குழாய் அடைபட்டுக் கிடக்கும்.

“எம்மா, ஐயா நேத்து சொன்னாகளே, அது?” என்றாள் ரொசாரி.

திரையில் அப்பாவும் என் பதிலுக்குக் காத்திருந்தார்.

“குடுத்துட்டேன்ப்பா” என்றேன்.

ரொசாரியிடம் சொல்ல எனக்கு ஒரு பொய்கூட அகப்படவில்லை.