வீரணன் பழக்கிய வண்டி

"அந்த உருண்டையன் ஏறி மிதிச்ச வண்டியாடி உனக்கு? போன வருஷம் பொண்ணு பாக்க வந்தவன வேணாம்னு அனுப்புனேன். இப்ப அவன் வண்டி மட்டும் இனிக்குதோ?"

"மாப்பிள்ளைய நீ பாத்த. வண்டிய நான் பாத்துக்கிறேன்மா."

சுகன்யாவும் மகள் அங்கயற்கண்ணியும் போட்ட சண்டையைக் கேட்க, போடிநாயக்கனூரில் அந்தத் தெருக்காரர்கள் யாரும் காதைத் தீட்ட வேண்டியிருக்கவில்லை. தீட்டியே வைத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அங்கைக்குப் போடிமெட்டு ஏலக்காய் உலர்த்தும் நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. மலைச்சாலையில் இன்ஜின் வண்டிகளுக்குத் தடை வந்து வெகுகாலமாகிவிட்டதால் கொண்டையூசி வளைவுகள் அத்தனையையும் தினமும் மிதித்தே ஏற வேண்டும். பயிற்சி மாதத்தில் வண்டி நடுவழியில் படுத்துக்கொண்டால் வேலை போச்சு.

அதற்காகவே வந்ததுபோல் இருந்தது வளர்வண்டி என்ற புது மிதிவண்டி. எலும்புலோகத்தில் செய்தது. எலும்பைப் போலவே பாரம் விழுகிற இடத்தில் தடித்துக்கொள்ளும், விரிசல் விட்டால் தானே கூடிக்கொள்ளும். எண்ணெய் வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம், மெக்கானிக்கின் பெருமூச்சும் வேண்டாம். ஆனால் புதுவண்டி பச்சைப்பிள்ளை. கனத்த ஆள் ஒருவர் மலையேற்றிப் பழக்கினால்தான் அதற்கு உரம் ஏறும். சுகன்யாவுக்கோ தெரு பார்க்கப் பளபளப்பு வேண்டும்.

அங்கை, அம்மா உருண்டையன் என்று தள்ளிய வீரணனிடமே போய் அவன் பழைய வண்டியை வாங்கிவந்தாள். எதிர்வீட்டு ஜெகதீசன் பழக்காத, பளபளப்பான புதுவண்டியை வாங்கினார். இரண்டாம் வாரமே மூன்றாவது வளைவில் அது வாழைத்தண்டாய் மடங்கியது. அவர் தள்ளிக்கொண்டு இறங்க, அங்கை மணியடித்துவிட்டு ஏறிப் போனாள். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானது.

ஊருக்குப் புத்தி வந்தது. பந்தியில் இரண்டு இலை போடச் சொல்லிக் கேலி செய்தவர்களெல்லாம் வீரணன் வாசலில் புதுவண்டியோடு நின்றார்கள். அவனும் அன்றாடம் ஒரு வண்டியில், அங்கைக்குப் பக்கத்திலேயே, மலையேறினான். ஏற்றத்தில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது கீழே யாருக்கும் கேட்கவில்லை. தெருவின் தீராத மனக்குறை அது.

ஆனால் தினமும் மலையேறுகிற மனுஷனுக்கு என்ன ஆகும்? ஆறே மாதத்தில் தொப்பை கரைந்தது. அவன் பழக்கிய வண்டிகள் முருங்கைக் கொம்பாக வர ஆரம்பித்தன. பதறிப்போன தெரு வீட்டுக்கு வீடு முறைவைத்து அவனுக்குக் கறிதோசையும் நெய்ப் பணியாரமும் ஊட்டியது. தின்றான், ஏறினான், கரைந்தான்.

ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்த சுகன்யா, "பையன் லட்சணமாத்தான் இருக்கான்" என்றாள்.

"முன்னயும் இதே ஆளுதாம்மா."

தை மாதம் கல்யாணம். இருவரும் போடிமெட்டிலேயே குடியேறினார்கள். மகளைப் பார்க்க மலையேறப் புறப்பட்ட சுகன்யாவின் கனத்த ஆகிருதியைத் தெரு மரியாதையோடு ஏற இறங்கப் பார்த்தது. பிறகு ஆளுக்கொரு புதுவண்டியை நீட்டியது.