எல்னாவின் கட்டைவிரல்

நவம்பர் மாதம், மதியம் இரண்டு மணி. பொர்ன்ஹோல்ம் தீவில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடும். ஏகோன் கிழவரின் வீட்டு வாசலில் நானும் பிரெபனும் ஷூவைக் கழற்றி, அவர் விரித்து வைத்திருந்த செய்தித்தாள் மேல் வைத்துவிட்டு, வெறும் சாக்ஸோடு உள்ளே போனோம். எங்கள் நாட்டில் திருடன்கூட ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான் என்று என் அப்பா கேலி செய்வார். அன்று நாங்கள் போன லட்சணமும் அதுதான்.

பிரெபன் ஓய்வுபெற்ற பல் டாக்டர். பழைய டேனிஷ், ஸ்வீடிஷ் பீங்கான்களைச் சேகரிக்கிறவர்; ஏகோனிடம் விலை பேசத்தான் வந்திருந்தார். நான் ரிக்மோர், கோபன்ஹேகனில் உடைந்த பீங்கான்களைச் சரிசெய்கிறவள். மூளி விழுந்த விளிம்பில் பசையைப் பூசி, நிறம் தீட்டி, மூளியே இல்லாத மாதிரி ஆக்கிக் கொடுப்பேன். முப்பது வருஷமாக இந்தக் கூட்டத்தின் பொய்களுக்கு மெருகு போட்டே சாப்பிடுகிறேன். அதனால் இவர்களைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் திட்டுவேன்.

சேகரிப்பவர்களை எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். ஒரு கிண்ணத்தை எடுத்தால் அதன் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். படக்கென்று கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். அங்கே கையெழுத்தோ முத்திரையோ இருந்தால் "ஆகா, என்ன அழகு" என்பார்கள். இல்லையென்றால் அதே கிண்ணம் நாய்க்குச் சோறு வைக்கத்தான் லாயக்கு. பிரெபன் விருந்துக்குப் போன வீட்டில் சூப்போடு தட்டைக் கவிழ்க்கப் பார்த்தவர்.

ஏகோனின் மனைவி எல்னா, ஏழு வருஷத்துக்கு முன் இறந்துபோனவள், தான் வனைந்த எதன் அடியிலும் கையெழுத்தே போட்டதில்லை. மண் ஈரமாக இருக்கும்போது கட்டைவிரலை ஒரு தடவை அழுத்துவாள். அவ்வளவுதான். மண் அறுக்கும் கம்பி ஒருமுறை அந்த விரலைக் கிழித்திருந்தது, அந்தத் தழும்பும் குறுக்கே பதியும். அவள் உயிரோடு இருந்தவரை பிரெபன் வகையறா அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. செத்தபின் ஒரு அருங்காட்சியகம் அவள் ஜாடிகளை வரிசையாக நிறுத்தியது. அந்த வாரமே எல்லோருக்கும் அவள்மேல் பக்தி வந்துவிட்டது.

வீட்டுக்குள் பிர்ச் விறகுப் புகையும் ஹெர்ரிங் கருவாட்டு வாசனையும் கலந்து அடித்தது. இரும்பு அடுப்பு மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அலமாரிகளில் எல்னாவின் கிண்ணங்கள். மேஜையின் தலைமாட்டில், அவளுடைய நாற்காலிக்கு நேராக, மூடி போட்ட ஒரு சாம்பல்நிற ஜாடி.

"வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்து வண்டி வருது," என்றார் ஏகோன். "அங்க ஒரே ஒரு ஷெல்ஃப்தான் குடுப்பாங்க. இந்த ஜாடி மட்டும் என்னோட வருது. மத்ததை எல்லாம் பாருங்க. இதை மட்டும் தொடாதீங்க, என்ன?"

"சேச்சே, தொடுவோமா!" என்றார் பிரெபன்.

கிழவர் காபி போடச் சமையலறைக்குப் போனார். அவர் முதுகு மறைந்ததுதான் தாமதம்.

"டாக்டர், வேண்டாம்," என்றேன்.

"சும்மா இரு ரிக்மோர். அடியை மட்டும் பாத்துட்டு வெச்சிடறேன்."

மூடியை எடுத்து என் கையில் திணித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் இவர்களுக்குக் கிடையாது. ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

சாம்பல் கொட்டியது.

சத்தமே இல்லாமல், மெத்தென்று, எங்கள் சாக்ஸ் மேலும் பலகைத் தரையிலும் கொட்டியது. கடைசியாக ஒரு சுடுமண் வில்லை விழுந்து உருண்டுபோய் நாற்காலிக் காலில் மோதி நின்றது. அதில் ஒரு எண் பொறித்திருந்தது. என் அம்மாவை எரித்தபோதும் உடலோடு அப்படி ஒரு வில்லையைத்தான் வைத்தார்கள், யாருடைய சாம்பல் யாருடையது என்று குழம்பாமல் இருக்க.

பிரெபன் குனிந்து வில்லையை எடுத்தார். எடுத்தவர் என்ன செய்தார் தெரியுமா? அதையும் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"டாக்டர், அது எல்னா," என்றேன். அப்போதுதான் அவர் முகம் வெளுத்தது.

மண்டியிட்டு இரண்டு கைகளாலும் அள்ளினோம். பலகை இடுக்கில் போனதை நான் என் தொழில் வழக்கப்படி எடுத்தேன். பீங்கான் தூசியை ஒற்றி எடுக்க எச்சிலை மிஞ்சிய திரவம் கிடையாது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, இடுக்கில் ஒற்றி, ஜாடி வாயில் தட்டி, மறுபடி நாக்கில் தொட்டு, மறுபடி ஒற்றினேன். இடுக்கில் ஒரு பொடி விடவில்லை. அப்படியும் ஜாடி நாலு விரற்கடை குறைந்திருந்தது. சாக்ஸின் கம்பளியில் இழை இழையாக அப்பியிருந்ததைத் தட்டினால் காற்றில்தான் பறந்தது. சமையலறையில் கோப்பைகள் தட்டில் ஏறும் சத்தம் கேட்டது.

"ஏதாவது பண்ணு," என்று பிரெபன் கிசுகிசுத்தார். "ரொப்பறதுதானே உன் தொழில்?"

ரொப்பினேன். அடுப்பின் சாம்பல் தட்டை இழுத்து, அதிலிருந்து நாலு கை அள்ளிப் போட்டு, வில்லையை மேலே வைத்து மூடினேன். நிறம்கூட அச்சாகப் பொருந்தியது.

ஏகோன் தட்டோடு வந்தார். அதில் நாலு கோப்பைகளும் கேக்கும் இருந்தன. நாலாவதை எல்னாவின் நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு, வழக்கம் போல ஜாடிமேல் உள்ளங்கையை வைத்தார்.

கை அங்கேயே நின்றது.

"இவ சூடா இருக்கா," என்றார் மெதுவாக.

என் கண் அடுப்பின் சாம்பல் தட்டுக்குப் போனது.

"ஏழு வருஷமா சில்லுன்னே கிடந்தா. பாருங்களேன்... இன்னிக்கு சூடா இருக்கா." கிழவர் கன்னத்தை ஜாடியோடு ஒட்டிக்கொண்டு அழுதார். "சர்ச்சுக் கல்லறைத் தோட்டத்துல வெறும் கலயத்தைத்தான் புதைச்சேன். பாதிரியாருக்குத் தெரியாது. இவளை எப்படிங்க நான் விட்டுட்டு இருப்பேன்?"

"நல்ல சகுனம், பெரியவரே," என்றார் பிரெபன். அந்த வாயில் ஒரு பல்கூட உதிரவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சந்தோஷத்தில் ஏகோன் இரண்டு கிண்ணங்களைச் சும்மாவே அவர் கையில் கொடுத்தார். அவரும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். கேக்கைத்தான் தின்றேன்.

அப்போது ஜாடி சத்தம் போட்டது.

டிண்.

சூளையிலிருந்து புதிதாக எடுத்த பாத்திரம் ஆறும்போது, மேல்பூச்சில் மயிரிழை விரிசல் விழும் சத்தம் அது. பதினைந்து வருஷத்துக்கு முன் சுட்ட ஜாடியில் அது கேட்கக் கூடாது. சூடு பட்டதால் இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் திரும்பும் கப்பலில் பிரெபனின் பையிலிருந்த கிண்ணங்களும் அதே சத்தம் போட்டன. அவை அடுப்புப் பக்கமே போகாதவை.

நாலு நாள் கழித்துக் காலையில் பிரெபன் போன் செய்தார். "வா. உடனே வா."

போனேன். அவருடைய வரவேற்பறையில் சேகரிப்பு மொத்தமும் தரையில் கவிழ்ந்து கிடந்தது. இருநூறுக்கு மேல் இருக்கும். எத்தனையோ கலைஞர்கள், எத்தனையோ பட்டறைகள். ஒன்றின் அடியிலும் கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை.

எல்லாவற்றிலும் ஒரு கட்டைவிரல் பள்ளம். குறுக்கே ஒரு தழும்பு.

சுட்டுக் கல்லாகிப்போன மண்ணில் விரல் பதியாது. சுத்தியலால் அடித்தாலும் உடையுமே தவிர பள்ளம் விழாது. நான் ஒரு பள்ளத்தில் விரல் வைத்துப் பார்த்தேன்.

குழைவாக இருந்தது. ஈரமாக இருந்தது.

"எது யாருதுன்னு இனிமே எப்படித் தெரியும் ரிக்மோர்?" அவர் விசும்பினார்.

"மேல்பக்கத்தைப் பாருங்களேன் டாக்டர்."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். நாற்பது வருஷமாகச் சேகரித்தவர், ஒன்றின் முகம்கூட அவருக்குத் தெரியாது. பயத்தின் நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று போட்டிருந்த சாக்ஸைக் கேட்டேன். அழுக்குக் கூடையில் அப்படியே கிடந்தது. என்னுடையதும் துவைக்காமல்தான் இருந்தது. இரண்டு ஜோடியையும் காகிதப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் வியாழக்கிழமை முதல் கப்பலில் தனியாகத் தீவுக்குப் போனேன்.

ஏகோன் கதவைத் திறந்து வைத்தே உட்கார்ந்திருந்தார். பெட்டி கட்டித் தயாராக இருந்தது. மேஜையில் மூன்று கோப்பைகள்.

"நீ வருவேன்னு அவ சொன்னா," என்றார்.

ஜாடியின் பக்கத்தில் ஒரு சாசர் இருந்தது. அதில் சாம்பல் குன்று போலக் குவிந்திருந்தது. நடுவே அரைகுறையாக எரிந்த பிர்ச் பட்டை.

"நீங்க போன மறுநாள்லேர்ந்து, காலைல எந்திரிச்சா கொஞ்சம் இங்க இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுத்துப் போட்டுட்டா. இது அவ இல்லையாம்." அவர் குரலில் கோபம் இல்லை. "சூடும் அந்த ஒரு நாள்தான். அது பொய்யின்னு தெரிஞ்சப்போதான்மா ரொம்ப வலிச்சுது."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பையை வாங்கிக்கொண்டார். சாக்ஸை ஒவ்வொன்றாக உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பி, மீன் செதிலெடுக்கும் கத்தியின் முதுகால் ஜாடிக்குள் சுரண்டிப் போட்டார். ரொம்ப நேரம் ஆனது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.

பிறகு ஜாடியின் வாயில் காதை வைத்துக் கேட்டார்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் குறையுதாம்."

"எவ்வளவு?"

"ஒரு நாக்கு நுனி அளவு." கிழவர் நிமிர்ந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார். "எங்க இருக்குன்னு தெரியுமாம். அவசரமில்லையாம். உன்னை எரிக்கிறப்போ வாங்கிக்கிறேங்கறா."

அன்று நாக்கில் பட்ட உவர்ப்பு அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

டிண்.

ஜாடி அமைதியாகத்தான் இருந்தது. சத்தம் என் பல்லுக்குப் பின்னாலிருந்து வந்தது.

எப்படிக் கப்பலேறினேன், எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. வாசலில் ஷூவைக் கழற்றினேன். சாக்ஸைக் கழற்றினேன். தரையில் கால் வைத்தபோது இடது குதிகால் சமமாகப் பதியவில்லை.

உட்கார்ந்து, பாதத்தை மடியில் தூக்கி வைத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

குதிகாலின் நடுவில் ஒரு கட்டைவிரல் பள்ளம். குறுக்கே ஒரு தழும்பு.

வலி இல்லை.