காவ் மாமா நகர்த்திய ஸ்கூட்டர்

அன்று காலை எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எட்டு மணிக்குள் பள்ளி மைதானத்தில் எடை பார்க்க வேண்டும். கயிறு இழுக்கும் போட்டி; அணியின் மொத்த எடைக்கு வரம்பு உண்டு. எங்கள் அணியில் எட்டுப் பெண்கள். ஒருத்தி வராவிட்டாலும் எடை பார்க்க விடமாட்டார்கள், அணியே வெளியேற வேண்டியதுதான். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியில் நிற்பவள் நான், யிஜென். மணி ஏழு இருபத்தைந்து. எங்கள் ஸ்கூட்டரோ அசைய மறுத்தது.

அம்மா சாவியைத் திருகினாள். முன்விளக்கு எரிந்தது. வழக்கம்போல இடது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். சத்தமே இல்லை. பத்து முறை அமுக்கியும் அப்படியேதான்.

"எவனோ வண்டிய நகத்தியிருக்கான்" என்று பல்லைக் கடித்தாள்.

உண்மைதான். நேற்று மரத்தடியில் விட்ட வண்டி இன்று நாலு வண்டி தள்ளி நின்றது. தைவானின் தாய்னான் நகரில், எங்கள் சந்தில் இது புதிதல்ல. இடமில்லை என்றால் அடுத்தவர் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிட்டு நம் வண்டியைச் செருகுவோம். அம்மாவும் செய்வாள். அவள் செய்தால் அவசரம். மற்றவர்கள் செய்தால் அநியாயம்.

மரத்தடியில் இப்போது எதிர்வீட்டுக் காவ் மாமாவின் வண்டி ஒய்யாரமாக நின்றது. மாமாவும் கையில் சோயாப்பாலோடு அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, எங்க வண்டிய என்ன பண்ணி வச்சீங்க? உங்களால ஏழு பேரு அங்க நின்னு அழப்போறாங்க."

மாமாவின் காது சிவந்துவிட்டது. "நான் பூ மாதிரி தூக்கி வச்சேன். உங்கம்மா போன வாரம் என் வண்டியச் சாக்கடை வரைக்கும் தள்ளிட்டுப் போனாங்களே, நான் கேட்டேனா?"

இப்போது கேட்கிறீர்களே என்றாள் அம்மா. பேட்டரி போயிருக்கும் என்றார் மாமா. விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டு, அம்மா அவர் காதருகே ஹாரனையும் அடித்துக் காட்டினாள். பெட்ரோல் இருக்காது என்றார். நேற்றுதான் நிரப்பினேன் என்றாள். சண்டை வளர்ந்ததே தவிர வண்டி நகரவில்லை.

டயரை ஓங்கி உதைக்கலாம் என்று நான் வண்டிக்குப் பின்னால் போனேன். அம்மா பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் கத்திக்கொண்டிருந்தாள். ஆனால் பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. பிரேக் பிடித்தால் அது எரிய வேண்டும். பிரேக் பிடித்திருக்கிறது என்று வண்டிக்குத் தெரிந்தால்தான் பொத்தானும் வேலை செய்யும்.

சொன்னேன். யார் கேட்டார்கள்?

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா?" என்று கத்தினேன். சந்தே அடங்கிவிட்டது. "அம்மா, வலது பிரேக்கப் பிடிச்சு அமுக்கு."

சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி உறுமிக்கொண்டு உயிர்பெற்றது.

இடது பிரேக் பிடிக்குக் கீழே ஒரு மெல்லிய ஒயர் கழன்று தொங்கியது. மாமா அதைக் குனிந்து பார்த்தார். அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"நான் தூக்கறப்ப பக்கத்து வண்டி இடிச்சிருக்கும்போல. தப்பு என்னுதுதான்."

அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெற்றி. நான் பேசாமல் ஏறி உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அந்த ஒயரின் முனையில் மஞ்சள் நூல் ஒன்று சிக்கியிருந்தது. என் காலணிப் பையின் நூல். தினமும் அந்தப் பிடியில்தான் பையை மாட்டுவேன். நேற்று அது சிக்கிக்கொண்டபோது வெடுக்கென்று இழுத்தவளும் நான்தான்.

"நீங்க இல்ல மாமா. நான். என் பையி இழுத்திருக்கு" என்றேன். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்ல நினைத்தேன், எரிச்சலான முனகலாகத்தான் வந்தது.

அம்மாவின் வெற்றி அணைந்தது. மாமா சோயாப்பாலை ஒரு மடக்கு குடித்தார்.

"திட்டுறப்ப இருந்த குரலு இப்ப எங்க போச்சு?" என்றவர், சோயாப்பாலைக் கீழே வைத்துவிட்டு, வழியை மறித்து நின்ற இரண்டு வண்டிகளைத் தூக்கி நகர்த்தினார். "போங்க, போங்க."

ஏழு ஐம்பத்தேழுக்கு எட்டாவது ஆளாக எடை பார்த்தேன். போட்டியில் என் முகத்தைப் பார்த்தே எதிரணிப் பெண்கள் மிரண்டு போனார்கள். பாவம், அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் மேலேயே எனக்கிருந்த கோபம் அவ்வளவும் கயிற்றுக்குப் போனது. கயிறு எங்கள் பக்கம் வந்தது.