வணக்கம், டைப்பிஸ்ட்!

"வீல்ல்ல்...!"

அலறியது டைப்பிஸ்ட்.

கையிலிருந்த டீ கப் நழுவி, தரையில் சிதறியது.

ஜெராக்ஸ் ரூமில் மண்டை பிளந்து கிடந்தது ஒன்று! குடல் மாதிரி இரண்டு வயர்கள் வெளியே தொங்கின. பக்கத்திலேயே, கொலைக்கு உபயோகித்த கண்ணாடிப் பேப்பர் வெயிட்.

செத்தது மனுஷன் இல்லை.

ஜெராக்ஸ் மிஷினின் தோளில் உட்கார்ந்திருந்த கார்டு ரீடர்! ஆபீஸ் கார்டை அதன் மேல் வைத்தால்தான் மிஷின் ஒரு தாளையாவது துப்பும். யார் கார்டு என்று பேரையும் குறித்து வைத்துக்கொள்ளும். திருட்டுக் காப்பியைத் தடுக்க வந்த காவல்காரன்.

காவல்காரனையே யாரோ போட்டுத் தள்ளிவிட்டார்கள்.

"நினைச்சேன்...!"

வாசலில் மேனேஜர். டை கட்டிய கழுத்து, சென்ட் வாசனை, வருத்தமே இல்லாத வருத்த முகம். அவர் பின்னால் இன்ஸ்பெக்டர். தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டு மெதுவாக உள்ளே வந்தார்.

"பார்த்தீங்களா சார்? ராத்திரியோட ராத்திரியா சாட்சியை உடைச்சுட்டாங்க! இந்தம்மாதான்!"

டைப்பிஸ்ட் சட்டென்று திரும்பினாள்.

"நானா...? நான் இப்பதான் சார் உள்ள வரேன்!"

"ஏம்மா..." இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க கம்பெனி டெண்டர் விலை எதிர்க் கம்பெனிக்குப் போயிருக்கு. அவன் ஒரு மயிரிழை கம்மியாப் போட்டுத் தட்டிட்டுப் போயிட்டான். அந்தப் பேப்பரை இந்த மிஷின்லதான் காப்பி எடுத்திருக்காங்க. கம்ப்யூட்டர்ல உன் பேரு நிக்குது. என்ன சொல்றே?"

"நான் எடுக்கல சார்!"

"சாப்பாட்டு நேரத்துல எடுத்திருக்கு. நீ எங்க இருந்தே?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல சார்... தனியா."

"தனியா!" மேனேஜர் மூக்கால் சிரித்தார். "நோட் பண்ணிக்குங்க சார்."

டைப்பிஸ்ட் வாசலைப் பார்த்தாள். வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை... ஜீப்பில் ஏற்றுவார்கள். தெருவே பார்க்கும். ஸ்கூல் விட்டு வருகிற மகளுக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

"சார்... அந்த மிஷின் யாரைப் பார்த்தாலும் என் பேரைத்தான் சார் சொல்லும்! யார் கார்டு வெச்சாலும் 'வணக்கம், டைப்பிஸ்ட்'னு காட்டும். போன வாரமே மேனேஜர் சார்கிட்ட சொன்னேன். நான் பார்த்துக்கறேன்னாரு!"

"என்கிட்டயா?" மேனேஜர் நெஞ்சில் கை வைத்தார். "சார், குடும்பப் பொண்ணுன்னு பார்த்தா கதை வசனமெல்லாம் எழுதுது!"

"வெச்சுப் பார்த்துடலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எதுல வெப்பீங்க? அதான் மண்டையைப் பொளந்துட்டாங்களே..."

உண்மைதான். செத்தவன் சாட்சி சொல்ல மாட்டான். ஆனால் அப்போது பார்த்து...

"குட் மார்னிங்!"

தோளில் பையோடு மெக்கானிக். விரலில் ஸ்க்ரூ டிரைவரைச் சுழற்றியபடி வந்தவன், போலீசைப் பார்த்ததும் சுழற்றுவதை நிறுத்தினான்.

"புது ரீடர் கொண்டாரச் சொல்லி ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு..."

"நான்தான் பண்ணச் சொன்னேன். மாட்டுப்பா!" மேனேஜர் தாராளமாகக் கையை வீசினார். "சார், இந்தம்மா சொல்றது பொய்யின்னு உங்க கண்ணு முன்னாடியே காட்டறேன். என் கார்டையே வைக்கறேன். என் பேரு வருதா இல்லையான்னு பாருங்க!"

மெக்கானிக் பழைய ரீடரைப் பிடுங்கினான். புதியதை மாட்டினான். மிஷின் உறுமி விழித்தது.

மேனேஜர் கார்டை வைத்தார். கல்யாண மாப்பிள்ளை மோதிரம் மாற்றுகிற தோரணை.

பீப்!

திரையில் எழுத்து வந்தது.

'வணக்கம், டைப்பிஸ்ட்!'

மேனேஜர் முகத்திலிருந்த ரத்தம் இறங்கி எங்கோ காணாமல் போனது.

மறுபடி வைத்தார். துடைத்து வைத்தார். திருப்பி வைத்தார்.

'வணக்கம், டைப்பிஸ்ட்!'

"எ... எப்படி? ரீடரைத்தான் மாத்தியாச்சே!"

"கோளாறு ரீடர்ல இல்ல சார்." மெக்கானிக் மிஷினுக்குள் எதையோ தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "ரீடர் முழு நம்பரையும்தான் படிக்குது. மிஷின் செட்டிங்லதான் முதல் நாலு நம்பரை மட்டும் எடுத்துக்கச் சொல்லியிருக்கு. இந்த ஆபீஸ்ல எல்லாக் கார்டுக்கும் முதல் நாலு ஒண்ணுதான். தபால்காரன் தெருப் பேரை மட்டும் படிச்சுட்டு, எல்லா லெட்டரையும் முதல் வீட்லயே போட்டுட்டுப் போற மாதிரி. முதல்ல கார்டு பதிஞ்சது அக்கா. அதான் எல்லாரும் அக்கா!"

"அந்தச் செட்டிங் போட்ட புண்ணியவான் யாரு?"

"அது... வேற யாராவதா இருக்கும் சார்." மெக்கானிக் தலையைச் சொறிந்தான்.

டைப்பிஸ்ட் அவனை முறைத்தாள். போன மாதம் இதே மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, இதே தலையைச் சொறிந்தவன்தான்.

"ஒண்ணு மட்டும் இடிக்குது சார்..." என்றான் அவன், பேச்சை மாற்றுகிற அவசரத்தில். "முந்தாநாள் ஒருத்தர் எனக்குப் போன் பண்ணி, எல்லாக் கார்டுக்கும் ஒரே பேரு வருது, ரீடரை மாத்திட்டா அந்தக் கோளாறு போயிடுமான்னு கேட்டாரு. சுத்தமாப் போயிடும்னுட்டேன்."

இன்ஸ்பெக்டரின் தொப்பை நிமிர்ந்தது.

"பார்க்காமலேயே சொன்னியா?"

"பின்னே? போன்ல கேட்டா போன்லதான் சார் சொல்ல முடியும்!"

"கேட்டது யாரு?"

"பேரு சொல்லல..."

"நம்பர் இருக்குமே. போடு!"

மெக்கானிக் போனை எடுத்தான். மேனேஜர் வாசல் பக்கம் நகர்ந்தார். ஒரு அடி... இன்னொரு அடி...

'க்ளுக்... க்ளுக்... கெக்கெக்கே...!'

ஒரு குழந்தை சிரித்தது.

மேனேஜரின் பேன்ட் பாக்கெட்டிலிருந்து!

அவர் வெளியே இருந்தே அமுக்கினார். குழந்தை இன்னும் பலமாகச் சிரித்தது.

"ரிங்டோன் அழகா இருக்கு சார்," என்றார் இன்ஸ்பெக்டர், அவர் காலரைப் பிடித்தபடி. "இந்தம்மா பேர்ல காப்பி எடுத்து வித்தாச்சு. கோளாறு இருந்தா மாட்டிக்குவோம்னு ரீடரைக் கொன்னாச்சு. உடைஞ்சதை நாங்க பார்க்கறதுக்கு முன்னாடியே புதுசுக்குப் போனும் பண்ணச் சொல்லியாச்சு. புத்தி வயித்துல இருக்கறவனைத் தலையில அடிச்சிருக்கீங்களேய்யா!"

"இந்த மடையன்தான் சார் போயிடும்னு சொன்னான்!" மேனேஜர் அலறினார்.

அவ்வளவுதான். தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்று. மெக்கானிக்குக் கோபம் வரவில்லை. அவன் வாழ்க்கையில் பொய் சொல்லி உருப்பட்ட முதல் காரியம் இது.

டைப்பிஸ்ட் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மகள் வரும்போது கதவைத் திறக்கலாம்.

கான்ஸ்டபிள் வந்து மேனேஜரை இழுத்துக்கொண்டு போனார். இன்ஸ்பெக்டர் புகார்த் தாளை நீட்டினார்.

"ஏம்மா, மனசுல வெச்சுக்காதே. ஸ்டேஷனுக்கு இதுல ரெண்டு காப்பி வேணும். எடுத்துக் குடேன்."

அவள் நகரவில்லை. மேனேஜர் விட்டுப் போன கார்டை விரலால் இன்ஸ்பெக்டர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே எடுத்துக்குங்க சார். எந்தக் கார்டு வேணும்னாலும் வைங்க... பழி எப்பவும் போல என் மேலதான் விழும்!"