எட்டு எழுத்துக்குத்தான் இடம்

மார்ச் 12, வியாழன். காலை 7.10.
நேற்று வகுப்பில் நான் சொன்னது தவறு. நாமாகச் செய்யும் எழுத்துகளுக்கு அந்தத் திரையின் நினைவில் எட்டு இடம்தான் உண்டு. நான் ஒன்பது அனுப்பியிருக்கிறேன். அவருடைய பற்றவைப்பில் குறை இல்லை. சின்னத் தவறு.

எழுதியதை ஒருமுறை படித்தாள். ‘சின்ன’ என்பதை மட்டும் அடித்தாள்.

தோளுக்கு மேலே அக்காவின் தலை எட்டிப் பார்த்தது.

“யாருடி அந்த ‘அவர்’? போன பக்கத்துலயும் இவர்தான்.”

“கூடப் படிக்கிறவர்க்கா.”

“பேரு இல்லையா?”

“வகுப்புல லிஃப்ட்காரர்னு கூப்பிடுவாங்க.”

“உன்னை?”

“...நோட்டு.”

“சரிதான். பேர்ப் பொருத்தம் பார்த்தாச்சு.” அக்கா பல் தேய்க்கப் போனாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பகலில் அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்கக் கண்கள்... சிறியவை, பெரியவை, தூரம் தெரியாதவை, கிட்டம் தெரியாதவை. எதையும் அவள் எண்ணாகத்தான் பார்ப்பாள். எண் போட முடியாமல் போனது ஒரே ஒரு ஜோடிக் கண்களுக்கு.

மூன்று மாதங்களுக்கு முன், அடைமழை நாளில், அவள் படிக்கும் மாலை நேர எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு நடக்கும் கட்டடத்தின் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும். கையில் ஒரு அட்டைப்பெட்டி. கால் மணி நேரம் கழித்துக் கதவு நான்கு விரல் அகலம் திறந்தது. அந்த இடைவெளியில் இரண்டு கண்கள். இமையெல்லாம் மழைத்துளி. ஒரு துளி விழவா வேண்டாமா என்று நின்று யோசித்தது... அவளும் மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயந்துட்டீங்களா?”

“இல்ல. கயிறு எத்தனை இருக்கும்னு யோசிச்சுட்டிருந்தேன்.”

“நாலு. ஒண்ணே போதும், தாங்கும்.”

“அப்ப மீதி மூணு?”

“தைரியத்துக்கு.” கண்கள் சிரித்தன. “கையில என்ன?”

“எழுத்துத் திரை. ரெண்டு வரி, வரிக்குப் பதினாறு எழுத்து. பின்னாடி ஒரு சின்ன சீரியல் போர்டு சேர்த்துட்டா மூணே கம்பியில பேசும்.”

லிஃப்டைப் பழுது பார்க்க வந்த அவன் கதவைத் திறக்கும் வேலையையே மறந்துவிட்டான்.

“மூணு கம்பியா... லிஃப்டுக்குப் போற கரண்ட் கேபிள்ல எனக்கு மிச்சம் இருக்கிற கம்பியும் மூணுதாங்க. போன மாசம் ஒரு அம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க. காது கேக்காது. வந்துட்டேன்னு வெளியில நின்னு நான் கத்துறேன், உள்ள அவங்க அழுறாங்க. எழுதிக் காட்ட ஒரு வழி இருந்திருந்தா...”

அடுத்த வாரம் அவனும் சேர்ந்து, வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சார் இருவரையும் ஜோடியாகப் போட்டார். பற்றவைப்பது அவன் பொறுப்பு, எழுத்து அவள் பொறுப்பு.

திரைக்குத் தமிழ் தெரியாது. ஐந்து புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம் கொண்ட கட்டத்துக்குள் ஒவ்வொரு எழுத்தையும் நாமே வரைந்து கொடுக்க வேண்டும். இரண்டு ‘ப’வுக்கும் ஒரே வடிவம், ‘டா’வின் துணைக்காலுக்குத் தனி வடிவம் என்று, ‘பயப்படாதீங்க’ என்ற சொல்லை அவள் எட்டு வடிவங்களில் அடக்கியிருந்தாள். ஆனால் ‘தீ’ நசுங்கிக் கிடந்தது. அவளுக்கு மனம் ஆறவில்லை. வகுப்புக்குக் கிளம்பும் முன், அதை ‘த’ தனியாக, சுழி தனியாகப் பிரித்தாள். எழுத்து அழகானது. எண்ணிக்கை ஒன்பதானது. அதை மட்டும் அவள் எண்ணவில்லை.

இடமில்லாத ஒன்பதாவது எழுத்து முதல் எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ‘ப’ இருந்த இடத்தில் ‘க’. நேற்று எல்லாரும் சுற்றி நிற்க, திரையில் எரிந்தது:

கயப்கடாதீங்க.

வகுப்பே சிரித்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

“எழுத்தை நான் மூணு தடவை சரிபார்த்தாச்சு. சால்டரிங்லதான் தப்பு. ஏதோ ஒரு கால் சரியா ஒட்டலை.”

அவன் அவளைப் பார்த்தான். திரையின் பதினாறு இணைப்புக் கால்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மறுபடி பற்றவைத்தான். ஒரு மணி நேரம்... மறுபடியும் ‘கயப்கடாதீங்க’. அவன் சாரிடம் போய்த் தணிந்த குரலில் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

“என் கை இதுக்குச் சரிப்படாது சார். அவங்களுக்கு வேற ஜோடி கொடுங்க. நான் நின்னுக்கிறேன்.”

லிஃப்டின் கயிற்றையே நம்பி ஒப்படைக்கும் கை அது. தன் ஒரு வார்த்தையில் அதன் மேல் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டதே... சொல்லாமல் விட்டால்? யாருக்கும் தெரியப்போவதில்லை. வேறு ஜோடி கிடைக்கும். தன் மூன்று சரிபார்ப்புகளும் மானத்தோடு இருக்கும். இந்த யோசனையில், வியாழன் பகல் கடையில் ஒரு பெரியவருக்கு அவள் வலது கண்ணாடியை இடப்பக்கம் மாட்டினாள்.

மாலை ஐந்தரைக்கு அவனைத் தேடி வகுப்புக் கட்டடத்துக்குப் போனபோது லிஃப்டில் ‘வேலை நடக்கிறது’ என்ற அட்டை தொங்கியது. கீழ்த்தளக் கதவு திறந்திருந்தது. லிஃப்டை மேலே பூட்டி நிறுத்திவிட்டு, அடியிலிருந்த பள்ளத்தில் அவன் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தான். தலை மட்டும் தரை மட்டத்துக்குத் தெரிந்தது.

அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். பையிலிருந்து திரையை எடுத்து பேட்டரியில் மாட்டினாள். நசுங்கிய ‘தீ’யோடு, பிழையில்லாமல், எட்டு எழுத்தும் எரிந்தன.

அவன் பார்த்தான். “வேற யாரு பத்த வெச்சாங்க?”

“யாரும் தொடலை. நேத்து நீங்க வெச்சதுதான். ஒன்பது எழுத்து அனுப்பினது நான்.”

“ஓ.” துணியில் கையைத் துடைத்தான். “பரவாயில்லைங்க. சரியாயிடுச்சுல்ல.”

“பரவாயில்லைன்னு சொல்லாதீங்க. திட்டுங்க.”

“பள்ளத்துல நின்னுக்கிட்டு மேல இருக்கிறவங்களை எப்படித் திட்டுறது?”

“நான் குனிஞ்சுக்கிறேன்.”

குனிந்தே விட்டாள். இப்போது இரண்டு முகங்களும் ஒரே மட்டத்தில். இந்த முறை நடுவில் கதவில்லை. ஒரு கன்னத்தில் கிரீஸ்... கண்கள் அதே கண்கள்தான். என்ன நிறம் இது? கறுப்பா, பழுப்பா? மூன்று மாதமாக அவளுக்குத் தெரியவேண்டியிருந்த விஷயம்.

“நேத்தே ஏன் மறுத்துப் பேசலை நீங்க?” என்றாள்.

“பேசியிருந்தா சண்டை. கழட்டிப் பத்த வெச்சா ஒரு மணி நேரம் நீங்க பக்கத்துல நின்னு வெளிச்சம் பிடிப்பீங்க.” சற்று நிறுத்தினான். “திரும்ப அதே வந்ததும்தான்... நிஜமாவே என் கைதான் போலன்னு ஆயிடுச்சு. என்னால உங்க பேர் கெட வேணாம்னு நினைச்சேன்.”

“கை நல்லாத்தான் இருக்கு.”

“கண்ணாடிக்கடைக்காரங்க கையெல்லாம் பார்ப்பீங்களா?”

“பழகிட்டிருக்கேன்.” சொல்லிவிட்டுத் திடுக்கிட்டாள். திரும்பப் பிடிக்க முடியாத தூரத்துக்கு அது போய்விட்டது. போகட்டும்... “தப்பை ஒத்துக்க மட்டும் வரலை. நாளைக்கு நீங்க இல்லாத வகுப்பை நினைச்சுப் பார்த்தேன். போகவே பிடிக்கலை. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இதை ஒரு தடவைகூடச் சரிபார்க்கலை. அப்படியே சொல்லிட்டேன்.”

பள்ளத்துக்குள் ஸ்பேனர் ஒன்று விழுந்து உருண்டது. அவன் எடுக்கக் குனியவில்லை.

“லிஃப்ட்டுக்கு மாட்டுற திரை கடையிலயே ரெடியா கிடைக்கும்,” என்றான் மெல்ல. “ரெண்டாவது வாரமே தெரியும். அப்புறமும் பத்து வாரம் வந்திருக்கேன். அதுல புரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.”

“புரியலை. எனக்கு எழுதித் தந்தாத்தான் புரியும்.”

“அப்ப நோட்டை எடுங்க. எழுதிக்குங்க. எனக்கும் பிடிச்சிருக்கு.”

“இனிமே நின்னுக்கிறேன்னு சொல்ல மாட்டீங்களே?”

“சார்கிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டேனே. எந்த முகத்தோட வர்றது?”

“அதை நான் பார்த்துக்கிறேன். நீங்க வந்து உக்காருங்க, போதும்.”

அவள் வீடு திரும்பியபோது அக்காதான் கதவைத் திறந்தாள். தங்கையின் முந்தானையிலிருந்த கிரீஸ் கறையைப் பார்த்துவிட்டு, சோப்பை எடுத்து நீட்டினாள்.

மார்ச் 12, வியாழன். மாலை 7.40.
நாளை வெள்ளி. சார் வருகைப் பதிவு எடுத்து முடித்ததும் எழுந்து நின்று, தவறு என்னுடையது என்று கடைசிப் பெஞ்சு வரை கேட்கும்படி சொல்ல வேண்டும். அதன் பிறகு உட்கார்ந்து, ‘ங்’ எழுத்தை ஒரு புள்ளி அகலப்படுத்த வேண்டும்.